ஆச்சுங்க

அம்சத்துக்குப் பொய் சொல்ல வராது என்பது செம்பியன்திடல் கீழத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சொன்னால் நாக்கு குழறும், கண் தரையைப் பார்க்கும், கை முந்தானையைத் திருகும். அப்படிப்பட்டவள் அந்த வருஷம் ஆனிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் நாளைக்கு நாலு பொய்யாவது சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே ஆளைப் பற்றிய பொய். வீரையனுக்கு இடுப்புப் பிடிப்பு. வீரையன் கும்பகோணம் போயிருக்கிறது. வீரையன் விடியலிலேயே வயலுக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தது. நிஜம் என்னவென்றால், அவள் புருஷன் வீரையன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்தவன், மூன்று மாதமாக எழுந்திருக்கவில்லை.

சோம்பேறி என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். நடவு வயலில் அவன் நாற்றுமுடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டே பபூன் கலியன் மாதிரி பேச ஆரம்பித்தானென்றால், குனிந்திருக்கும் பொம்பளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "போதும் விடு மாமா, நாத்து காஞ்சி போவுது" என்று கெஞ்சுவார்கள். அப்படி இருந்த ஆள்.

பபூன் கலியனை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் அவர் பேரைச் சொன்னாலே முகத்தில் சிரிப்பு வந்துவிடும். நாடகத்தில் பபூனாக ஆரம்பித்து, ரேடியோவில் பேசி, நாலைந்து சினிமாவிலும் தலைகாட்டிய மனுஷன். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பண்ணையாள் வேஷம். மிராசுதார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டேய், நாத்துப் பறிச்சாச்சா?" என்று கேட்பார். கலியன் துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, "ஆச்சுங்க" என்பார். நட்டாச்சா? ஆச்சுங்க. களை எடுத்தாச்சா? ஆச்சுங்க. அறுத்தாச்சா? ஆச்சுங்க. மிராசுதாருக்குச் சந்தேகம் வந்து, "எப்படா?" என்று அதட்டுவார். கலியன் தலையைச் சொறிவார், கூட்டத்தைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடுவார், பிறகு சொல்வார்: "நாளைக்குங்க."

அவ்வளவுதான், கொட்டகை பிய்த்துக்கொண்டு போகும். காலம் காலமாக ஆச்சுங்க சொல்லியே முதுகு வளைந்த சனம் அல்லவா? அந்த ஒரு ‘நாளைக்குங்க’வில் மிராசுதார் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்த மாதிரி இருக்கும்.

வீரையனுக்கு அந்த வேஷம் தலைகீழ்ப் பாடம். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த வருஷம், பண்ணையில் வெளியூர் ஆளை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். மறித்தவர்களைப் போலீஸ் அள்ளி வேனில் ஏற்றியது. பொம்பளைகள் வேனுக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடினார்கள். "எல்லாம் ஏறியாச்சா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்க, உள்ளேயிருந்து வீரையன் குரல், "ஆச்சுங்க." "எப்படா திருந்துவீங்க?" "நாளைக்குங்க." அழுதவர்களும் சிரித்தார்கள், ஒரு கான்ஸ்டபிள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். இருபத்தோரு நாள் திருச்சி ஜெயில்.

அதற்கப்புறம் குத்தகைப் பதிவுக்கு அலைச்சல். குடவாசல் தாலுக்கா ஆபீசில் வாய்தா மேல் வாய்தா, ஏழு வருஷம். கடைசியில் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், குத்தகைதாரர் வீரையன் என்று பதிவானது. தெருவில் வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுத்தார்கள். அது நடந்து ஆறாவது மாதம் வீரையன் படுத்துவிட்டான்.

இதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தோற்றுப்போய்ப் படுத்திருந்தால் நியாயம். ஜெயித்தவனுக்கு என்ன கேடு வந்தது? ஒரே பெண் செவ்வந்தியைக் கொரடாச்சேரியில் கட்டிக்கொடுத்தாயிற்று, நல்லபடியாக இருக்கிறாள். குடிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் ராத்தூக்கம் போனது, குளிப்பது போனது, சோறு மண்ணாகப் போனது. ஒரு நாள், "எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குது அம்சம், நீ பேசறதுகூட" என்றான். பாவி மகள், அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஒரு வாரம் காதில் ஊற்றினாள்.

பண்ணைக் காரியக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்றது தெரு. காத்தாயி கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார். நாகூர் தர்காவுக்குப் போய் மூன்று இரவு தங்கிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்ட ஒரு டாக்டர், "ஒடம்புல ஒண்ணுமே இல்லம்மா, வேலைக்குப் போகச் சொல்லு" என்றார். ஒன்றுமே இல்லை என்றதைக் கேட்டதும் அம்சத்துக்கு வந்ததே ஆத்திரம்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து, களைக்கொத்தை வீசி எறிந்து, "ஒண்ணுமில்லாம ஒரு மனுசன் இப்படிக் கெடப்பானா? செத்துத் தொலைஞ்சாலும் ஒரு நாள் அழுதுட்டு எழுந்துருவேன்" என்று கத்திவிட்டாள். அவன் மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

பொய்யெல்லாம் நிலத்துக்காக. நிலத்துச் சொந்தக்காரரான மிராசுதார் கும்பகோணத்தில் இருக்க, இங்கே அவருக்காக நிலம் நீச்சைக் கவனித்த காரியக்காரர் மூக்கில் வேர்த்துவிட்டது. குத்தகைதாரன் தானே பாடுபட்டால்தான் பதிவு செல்லும். அவன் வயலில் காலே வைக்கவில்லை என்று மனுப் போட்டுவிட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று நோட்டீசும் வந்தது. அம்சமோ, தூரத்துத் தம்பி முறையான நல்லக்கண்ணுவைக் கூட வைத்துக்கொண்டு நாற்றும் விட்டு, நடவும் நட்டு, குறுவையைக் கதிர் முற்றும் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஆளைக் காட்டத்தான் ஆள் எழுந்திருக்கவில்லை.

வயலிலிருந்து வந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பான், சுவரைப் பார்த்துக்கொண்டே. முதலில் சட்டியைத் திறந்து பார்த்துச் சண்டை போட்டாள். பிறகு அலுப்பில் ஆச்சு என்றால் ஆச்சு என்று விட்டுவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பக்கத்து வயலில் அறுப்பு. நல்லக்கண்ணுவின் டிரான்சிஸ்டர் வரப்பில் பாடிக்கொண்டிருந்தது. செய்தி வந்தது. அருவாள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. பபூன் கலியன் செத்துப்போனார். நோய் நொடி இல்லை, விபத்து இல்லை, தன் சாவைத் தானே தேடிக்கொண்டார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

"அட சண்டாளா!" என்று வரப்பில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள் பொம்பளைகள். தாய் மாமன் செத்த மாதிரி அழுதார்கள். "ஊரையே சிரிக்க வச்ச ஆளுக்கு என்னடா கொறச்சல்?" என்று ஒருவன் கேட்டான். "திமிரு, வேறென்ன" என்றான் இன்னொருவன். அம்சம் அழவில்லை. கட்டிய கதிரைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

வீரையன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு ரேடியோ அவனுக்கும் சொல்லியிருந்தது, பாதியை மட்டும்.

"எப்படியாம்?" என்றான்.

"மாரடைப்பாம்" என்றாள். முந்தானையைத் திருகினாள்.

அவன் அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஆச்சு" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் கண் விழித்தபோது படுக்கை காலி. பதறி வெளியே வந்தால், அவன் வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறான்! மூன்று மாதத்துத் தாடியைக் காணோம். அன்றைக்கு ஒழுகுகிற கூரைக்கு ஓலை செருகினான், வேலியைக் கட்டினான், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டான். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." சட்டியைத் திறந்தாள். சுத்தமாகக் காலி. அம்சம் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கலியன் போய் என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தான் என்றுகூட நினைத்தாள், நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தெருவோ, நாகூராரா காத்தாயியா, யார் காப்பாற்றியது என்று பட்டிமன்றமே நடத்தியது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே குடையும் வெற்றிலைப் பெட்டியுமாகக் காரியக்காரர். கீழத்தெரு முழுக்க வரப்பில் நின்றது.

"மூணு மாசமா இவன் இந்தப் பக்கமே வரல சார். ஊரையே கேளுங்க" என்றார் காரியக்காரர். ஊர் வாயைத் திறக்கவில்லை.

"நீதான் வீரையனா? சாகுபடி யாரு பண்றது?"

வீரையன் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். முதுகை வளைத்தான். "உழுதாச்சுங்க. நட்டாச்சுங்க. களையெடுத்தாச்சுங்க."

அப்படியே கலியன் குரல். இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவரும் நாடகம் பார்த்தவர்தானே. "அறுப்பு எப்ப?"

"நாளைக்குங்க."

வரப்பே குலுங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள், செத்தவர் நினைவு வந்து. காரியக்காரர் குடையைச் சுருக்கினார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கிளம்பப்போகும்போது வீரையன் முதுகை நிமிர்த்தினான். சொந்தக் குரலில் பேசினான்.

"ஐயா, இன்னொண்ணு. நட்டது, களையெடுத்ததெல்லாம் அவதான். இனிமே அடங்கல் கணக்குல எம்பேரு வேண்டாம், அவ பேர எழுதிடுங்க."

"அதுக்குத் தனியா மனு எழுதிக் குடுக்கணும்ப்பா."

"எழுதியாச்சுங்க" என்று மடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான். அந்த ஆச்சுங்க மட்டும் வேஷமில்லை.

"ஏய், மிராசுதாரம்மா!" என்று பொம்பளைகள் அம்சத்தைக் கிள்ளினார்கள். எந்த ஆம்பளை இப்படிச் செய்வான் என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். அம்சத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்தக் காகிதம் எப்போது எழுதியது, ஏன் எழுதியது என்றெல்லாம் அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

குடவாசலில் அன்றைக்குப் பதினொரு மணிக்குக் கலியனுக்கு மௌன ஊர்வலம். இரண்டு கட்சிக்காரர்களும் கலியன் எங்கள் ஆள் என்று போட்டி போட்டுக்கொண்டு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கடையடைப்பு, சாயங்காலம் வரைக்கும் பஸ் கிடையாது.

"நீ போயி ஒரு பூவப் போட்டுட்டு வா, எனக்கும் சேத்து" என்றான் வீரையன்.

"நீ வரலியா?"

"கொஞ்சம் வேல இருக்கு புள்ள."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

அவள் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். வழியில் நல்லக்கண்ணு எதிரே வந்தான். கையில் ஒரு கருக்கருவாள், பிடியில் சிவப்பு ஒயர் சுற்றியது. பார்த்ததுமே அது வீரையனுடையது என்று தெரிந்தது. "மாமாதாங்க்கா குடுத்துச்சு. வச்சிக்கடான்னுச்சு" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக. சரி, புதுசு வாங்கப் போகிறது போல, என்று அம்சம் நடந்தாள். மூன்று கிலோமீட்டரும் கால் தரையில் பாவவில்லை.

பஸ் நிலையத்தில் கலியன் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மைக்செட் ஜெகபர் அலி ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீரையன் சங்க மேடையில் பேசியதெல்லாம் இவர் மைக்கில்தான். கலியன் நாடகத்துக்கும் இருபது வருஷமாக இவர்தான் மைக்செட். கண் வீங்கிச் சிவந்திருந்தது.

"வா தங்கச்சி. வீரையன் எப்படியிருக்காப்ல?"

"எந்திரிச்சிட்டாரு பாய்! இன்னிக்கு ஆர்.ஐ. முன்னால கலியன் மாதிரியே பேசிச் சிரிக்க வச்சாருல்ல!"

ஜெகபர் அலி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தார். கலியன் மேடையில் போடுகிற கோமாளித் தொப்பி. "போன வெள்ளிக்கெழம வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு. முகமெல்லாம் பளிச்சுன்னு. நானும் சந்தோசப்பட்டேன், அண்ணன் தேறிட்டாருன்னு."

"தேறிட்டாருன்னா? அவருக்கு என்ன பாய்?"

"ஒனக்கென்ன, ஊருக்கே தெரியாது. மேடையில கைதட்டல் அடங்கறதுக்குள்ள பின்னால வந்து துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு ஒக்காந்துருவாரு. நாலஞ்சு நாளு சோறு தண்ணி கெடையாது. ‘எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குது ஜெகபரு, அவங்க சிரிக்கறதுகூட’ம்பாரு."

"தூரத்துலயா?" என்றாள் அம்சம். கையிலிருந்த பூ நழுவியது.

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். மனச்சோர்வுன்னு ஒரு நோயாம் தங்கச்சி. சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி அதுவும் நோயிதானாம். திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்லன்னு டாக்டரு அடிச்சிச் சொன்னாரு. மாத்திரைல நல்லாத்தான் இருந்தாரு. பைத்தியக்கார மாத்திரை திங்கறான்னு எவனோ சொல்லிட்டான், நிறுத்திட்டாரு." தொப்பியைத் தடவினார். "கடேசி வாரம் அவரு சிரிச்சது தேறின சிரிப்பில்ல. போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அதுல வந்த நிம்மதி. வச்சிருந்ததையெல்லாம் ஒவ்வொருத்தருக்கா குடுத்துட்டாரு. எனக்கு அது தெரியாமப் போச்சே, யா அல்லா!"

அம்சம் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். சிவப்பு ஒயர் சுற்றிய அருவாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாளைக்குத் தன் வயலில் அறுப்பு. நாளைக்கு அறுக்கப்போகிறவன் இன்றைக்கு அருவாளைத் தூக்கி ஒருத்தனுக்குக் கொடுப்பானா? இனிமே எம்பேரு வேண்டாம் என்றானே! பூவைப் போட்டுவிட்டு வா என்று அனுப்பினானே!

"பாய்! வண்டி எடுங்க, வண்டி எடுங்க" என்று அலறினாள். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே ஜெகபர் அலி ஒயரைக் கீழே போட்டார்.

மொபெட் பாலத்தருகே வரும்போது ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. கறுப்பு பேட்ஜ் குத்திய ஐந்நூறு அறுநூறு பேர், ரோட்டை அடைத்துக்கொண்டு, வாய் பேசாமல், அடிமேல் அடி வைத்து வந்தார்கள். ஜெகபர் அலி ஹாரன் அடித்தார். "யோவ் பாய், மௌன ஊர்வலம்யா! அறிவில்ல?" என்று முன்வரிசைக் கரைவேட்டி சீறியது. "ஓரமா நில்லு, அரைமணியில போயிரும்."

அரைமணி! அம்சம் வண்டியிலிருந்து குதித்தாள். தன் ஆயுசில் பத்துப் பேர் முன்னால் குரல் உயர்த்தாதவள், அந்த மௌனத்தில் கத்தினாள்: "செத்தவருக்கு வழி வுட்டீங்கல்ல, உசுரோட இருக்கறவனுக்கு வழி வுடுங்கய்யா! எம் புருசன் போயிருவான்யா!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தக் கரைவேட்டியே திரும்பிக் கையை விரித்துக் கூட்டத்தைப் பிளந்தது. ஊர்வலத்தின் நடுவே மொபெட் போனது.

வீடு சாத்தியிருந்தது. வயலில் ஆள் இல்லை. "மாமா ஆத்துப் பக்கம் போச்சே" என்று நல்லக்கண்ணு சொன்னபோது அம்சம் பாதி தூரம் ஓடிவிட்டிருந்தாள்.

ஆற்றில் தண்ணீரைத் திறந்து மூடுகிற சட்ரஸின் கைப்பிடிச் சுவர்மேல் அவன் உட்கார்ந்திருந்தான். புரட்டாசித் தண்ணீர் கீழே செக்கச் செவேலென்று சுழித்துக்கொண்டு ஓடியது. சட்டையை மடித்து ஓரமாக வைத்திருந்தான், அதன்மேல் நாகூர்க் கயிறு. ஜெகபர் அலி தூரத்திலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"கிட்ட வராத அம்சம்" என்றான், திரும்பாமல்.

அவள் நின்றாள். என்ன சொல்வது? அழுவதா, திட்டுவதா, செவ்வந்தி பேரைச் சொல்வதா? எதைச் சொன்னால் இறங்குவான், எதைச் சொன்னால் குதிப்பான்? வாயில் வந்தது தினமும் கேட்கிற அதே கேள்விதான்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

மூன்று மாதமாக இந்த இடத்தில்தான் அவள் பேச்சை முடித்துக்கொண்டிருக்கிறாள். நாடகம் பார்த்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும், மிராசுதார் அதோடு விடமாட்டார். அவள் விட்டுவிட்டாள்.

"எப்ப?" என்றாள்.

தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அவன் தோள்கள் குலுங்கின.

"மூணு நாளாச்சு" என்றான்.

"சட்டி காலியா இருந்துச்சேய்யா?"

"கோழிக்குப் போட்டேன்."

அம்சம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாரடைப்புன்னு நான் சொன்னது பொய்யி" என்றாள்.

"தெரியும். முந்தானையத் திருகினியே. அவராலயே முடியல அம்சம். நான் எம்மாத்திரம்? நீதான் சொன்னியே, ஒரு நாளு அழுவேன்னு."

"அதவிடப் பெரிய பொய்ய நான் சொன்னதே இல்லய்யா!" என்று தரையில் அறைந்தாள். "கேளு. அவருக்கும் தூரத்துலதான் கேட்டுச்சாம். ஒனக்கு மாதிரியே. அது நோயாம். டாக்டரு இருக்காராம், மாத்திரை இருக்காம். அதுக்குப் பேருகூட இருக்காம்."

அவன் முதல் தடவையாகத் திரும்பினான். "இதுக்கா? இதுக்குப் பேரு இருக்கா?"

"மனச்சோர்வு."

அந்த வார்த்தையை அவன் மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "செய்வினை இல்லியா?"

"இல்ல."

"சோம்பேறித்தனம்?"

"இல்லய்யா, இல்ல. நாந்தான் கூறுகெட்டவ. ஒன் காதுல எண்ணெய ஊத்துனேனே."

அவன் காதைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தான். "இன்னும் பூண்டு நாத்தம் போவல" என்றான். சொல்லிவிட்டு, ஓவென்று அழ ஆரம்பித்தான். மூன்று மாதத்தில் அவன் அழுது அன்றுதான் அவள் பார்த்தாள். எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியைத் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை விடவில்லை, சாயங்காலப் பஸ்ஸில் டிக்கெட்டை ஜெகபர் அலிதான் வாங்கினார்.

ஒரே மாத்திரையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் அம்சத்தைவிட மோசமான பொய்க்காரன். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. முதல் ஒரு மாதம் ஒன்றுமே மாறவில்லை. பிறகு ஒரு நாள் சோறு ருசித்தது, இன்னொரு நாள் தூக்கம் வந்தது, அப்படித்தான். குறுவையை நல்லக்கண்ணு ஆள் விட்டு அறுத்தான். சிவப்பு ஒயர் அருவாளை மட்டும் அறுப்புக்கு எடுக்காமல் கொண்டுவந்து கூரை இறவாணத்தில் செருகிவிட்டுப் போனான். தாலுக்கா ஆபீசுக்குப் போன அந்த மனு என்ன ஆனதென்று அம்சம் கேட்கவேயில்லை. யாராவது வீரையனைப் பற்றி விசாரித்தால் இப்போது நாக்கு குழறவில்லை. "இடுப்புப் பிடிப்பெல்லாம் இல்ல. மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடறாரு" என்று காரியக்காரரிடமே நிமிர்ந்து நின்று சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு கேள்வி என்பது கிடையாது, இரண்டு கேள்வி. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "எப்ப?" "இப்பத்தான், கருவாட்டுக் கொழம்போட. ஏப்பம் விட்டுக் காட்டணுமா?" என்று வம்பிழுப்பான். மாத்திரைக்கும் அதே இரண்டு கேள்விதான்.

நாலு வருஷம் கழித்து மாசி மாதம். சம்பா அறுத்துக் களம் நிறைந்திருந்தது. செவ்வந்தி மாப்பிள்ளையோடு வந்திருந்தாள், வீடு கலகலவென்றிருந்தது. மாப்பிள்ளைக்குக் காலைச் சோறு பரிமாறிக்கொண்டே அம்சம் வீரையனுக்குக் குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

வீரையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "நாளைக்குங்க" என்றான்.

மாப்பிள்ளை புரையேறச் சிரித்தான். செவ்வந்தி, "அப்பா மாறவே இல்ல பாரு" என்று சிரித்தாள். அம்சம் சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்த மஞ்சப்பையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"கெளம்புய்யா. பத்தே முக்காலுக்கு பஸ்சு இருக்கு" என்றாள்.

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.